பசுமை விருது விண்ணப்பங்களை மதிப்பிடுவது எப்படி? நடுவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஐ ஒட்டித் தமிழ்நாடு அரசு தரும் விருதுகளில் இரண்டு பரவலாகத் தெரிந்தவை. ஒன்று, 2021-இல் அறிவிக்கப்பட்ட பசுமை சாம்பியன் விருது. தனிநபர்கள், கல்வி நிறுவனங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், உள்ளாட்சிகள், தொழிற்சாலைகள் என ஆண்டுக்கு 100 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாய். இன்னொன்று மஞ்சப்பை விருது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தங்கள் வளாகத்திலிருந்து ஒழித்த பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் என மூன்று பரிசுகள்.

இப்படிப்பட்ட விருதுகளுக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கப் பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், தொண்டு நிறுவனத்தினர், பல துறை அதிகாரிகள் என்று பலரை உட்கார வைக்கிறார்கள். கையில் ஒரு கட்டுக் கோப்பு, கொஞ்ச நாள் அவகாசம். எதை வைத்து மதிப்பிடுவது என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. அப்படி உட்காரப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு விருது போன ஆண்டு நடந்த வேலைக்குத் தரப்படுவதுதான். ஆனால் அடுத்த ஆண்டு மாவட்டத்தில் என்ன நடக்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஒரே நாளில் 10,000 கன்று நட்டவருக்குக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அதே மாதிரி ஐந்து விழா நடக்கும். 300 கன்றை ஆறு கோடை தாண்டிக் காப்பாற்றியவருக்குக் கொடுத்தால், தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மரியாதை வரும். ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான்: செய்ததைவிடப் பராமரித்ததைப் பாருங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

படி 1: கோப்பைத் திறக்கும் முன்

முதலில் அந்த ஆண்டு அறிவிப்பையும் விதிமுறைகளையும் முழுசாகப் படியுங்கள். எந்தக் காலகட்டத்தில் நடந்த வேலை கணக்கில் வரும், ஏற்கெனவே பரிசு வாங்கியவர் மறுபடி விண்ணப்பிக்கலாமா, எந்தப் பிரிவுக்கு எத்தனை பரிசு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும்.

அப்புறம் பெயர்ப் பட்டியலை வாங்கி, உங்களுக்கு வேண்டியவர் யாராவது இருக்கிறாரா பாருங்கள். நீங்கள் படித்த கல்லூரி, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி, நீங்கள் ஆலோசனை சொன்ன ஏரி, உங்கள் அமைப்புக்கு நன்கொடை தந்த ஆலை, எதுவாக இருந்தாலும் முதல் கூட்டத்திலேயே சொல்லி, அந்தக் கோப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். மாவட்ட அளவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்; தெரிந்திருப்பது குற்றமில்லை. சொல்லாமல் மதிப்பெண் போடுவதுதான் பின்னால் பிரச்சினையாகும்.

கள ஆய்வுக்குப் போகும் இடத்தில் பொன்னாடை, நினைவுப் பரிசு, மதியச் சாப்பாடு எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். போய் நின்றபிறகு மறுத்தால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

படி 2: கடமையையும் அக்கறையையும் பிரியுங்கள்

வருகிற விண்ணப்பங்களில் கணிசமானவை, சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலையைச் சாதனையாகக் காட்டுபவை. நடுவருக்குச் சட்டம் கொஞ்சம் தெரியாவிட்டால் இதில் ஏமாந்துபோவார்.

மழைநீர் சேகரிப்பு அமைத்திருக்கிறோம் என்று ஒரு கல்லூரி எழுதும். தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம். சாயக்கழிவை ஆற்றில் விடுவதில்லை, முழுவதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறோம் என்று ஒரு சாய ஆலை எழுதும். திருப்பூரில் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, அது அங்கே தொழில் நடத்துவதற்கான நிபந்தனை. ஆலையைச் சுற்றிப் பசுமை வளையம் வைத்தோம் என்பார்கள். பல ஆலைகளுக்கு அனுமதி ஆணையிலேயே அது எழுதியிருக்கும். பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் ஊருணி தூர்வாரியிருக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பணம் கொடுத்தது அந்தக் கணக்கில் சேரும். கொடுத்தபிறகு யாராவது போய்ப் பார்த்தார்களா என்பதைத்தான் நீங்கள் மதிப்பிட வேண்டும்.

இவர்களைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. சட்டம் கேட்பதற்கு மேல் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்கு மட்டும் மதிப்பெண். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கோப்பை மூடிவிடலாம்.

தொழிற்சாலை, மருத்துவமனை, பெரிய உணவகம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கேளுங்கள்: இசைவாணை (இயங்குவதற்கு வாரியம் தரும் அனுமதி) நடப்பில் இருக்கிறதா, நோட்டீஸ் ஏதாவது போயிருக்கிறதா, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கிறதா? முன்வாசலில் குறுங்காடு வளர்த்துவிட்டுப் பின்வாசலில் கழிவை விடுகிற இடத்துக்கு அரசு விருது போனால், அந்தப் பகுதி மக்கள் அதற்கப்புறம் எந்தப் பசுமை விருதையும் நம்பமாட்டார்கள்.

படி 3: காகிதத்திலேயே கணக்குப் போடுங்கள்

வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு கால்குலேட்டரை எடுத்து உட்காருங்கள். பாதி மிகைப்படுத்தல் இங்கேயே தெரிந்துவிடும்.

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பத்தடிக்கு ஒரு கன்று என்றால் சுமார் 435 கன்றுதான் போகும். மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு 3, 4 கன்று நெருக்கி நட்டாலும் ஏக்கருக்கு 12,000 முதல் 16,000. ஓர் ஏக்கரில் 50,000 மரம் வளர்த்தேன் என்று எழுதியிருந்தால், தப்பாக எண்ணினாரா, நாற்றங்காலையும் சேர்த்துக்கொண்டாரா என்று கேட்க வேண்டும்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. 1,000 கன்றுக்கு வாரம் 10 லிட்டர் என்றால் 10,000 லிட்டர்; 5,000 லிட்டர் டேங்கர் இரண்டு நடை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் காசு கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர் உண்மையாகவே கன்று வளர்த்தவர். வேறு ஆதாரம் இல்லாவிட்டாலும் நான் அந்தப் பதிலை நம்புவேன்.

மக்கும் குப்பையை உரமாக்கினால் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் உரமாக மிஞ்சும். மாதம் 10 டன் காய்கறிக் கழிவை உரமாக்குகிறோம் என்று சொல்லிவிட்டு, 200 கிலோ உரம் விற்ற கணக்கைக் காட்டினால் மிச்சக் குப்பை எங்கே போனது? சூரிய மின்சாரம் என்றால், நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 10 கிலோவாட்டுக்கு 40 யூனிட். மின் கட்டண ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது என்ற கூற்று ஏராளமாக வரும். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. வைகாசியில் ஒருமுறை அளந்து, கார்த்திகையில் இன்னொரு முறை அளந்தால் எந்தக் கிணறும் ஏறித்தான் இருக்கும். அதே மாதம், அதே கிணறு, குறைந்தது மூன்று ஆண்டு அளவு வேண்டும். அந்த ஆண்டுகளின் மழையளவும் வேண்டும். திட்டம் நடக்காத பக்கத்து ஊரில் ஒரு கிணற்றின் அளவும் இருந்தால் ரொம்ப நல்லது. இந்த மூன்றையும் கொண்டுவருகிற விண்ணப்பதாரர் அபூர்வம். வந்தால் அவருக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

கரியமில வாயுவை இத்தனை டன் உறிஞ்சினோம் என்று எழுதியிருந்தால் மரங்களின் வயதைக் கேளுங்கள். முதல் சில ஆண்டுகளில் ஒரு கன்று உறிஞ்சும் அளவு மிகச் சொற்பம். வளர்ந்த மரத்தின் கணக்கை எடுத்துக் கன்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கித்தான் பெரும்பாலும் அந்த எண் வந்திருக்கும்.

படி 4: படங்களும் ஆவணங்களும்

விழாப் படங்களை ஓரமாக வையுங்கள். வேட்டி மடிப்புக் கலையாத விருந்தினர், கையில் மண்வெட்டி, பின்னால் பேனர்: அது நட்ட நாளைப் பற்றி மட்டும் சொல்லும். ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களைக் கேளுங்கள். இல்லை என்றால் கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாகப் பார்க்கலாம். ஏரியின் கருவேலங்காடு எப்போது போனது, குறுங்காடு எப்போது அடர்ந்தது, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் எப்போது வீடு வந்தது என்பதெல்லாம் அதில் ஓரளவு தெரியும்.

நில உரிமை ஆவணத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறையின் கையில். அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். தூர்வார யார் அனுமதி கொடுத்தார்கள், எடுத்த வண்டல் எங்கே போனது என்பதற்குக் காகிதம் இருக்க வேண்டும். விவசாயிகளின் வயலுக்குப் போயிருந்தால் நல்லது. செங்கல் சூளைக்குப் போயிருந்தால் அது வேறு வியாபாரம்.

கூலி எந்தக் கணக்கில் போனது என்பதும் முக்கியம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஊர்ப் பெண்கள் வெட்டிய பண்ணைக்குட்டையை ஒரு நிறுவனம் தன் சாதனைப் பட்டியலில் போட்டிருக்கலாம். கூட்டாகச் செய்திருந்தால் கூட்டாக எழுதட்டும்.

படி 5: களத்துக்குப் போங்கள்

முதல் சுற்றில் தேறிய எல்லாவற்றையும் நேரில் பார்க்க முடியாவிட்டாலும், பரிசுக்குப் பரிந்துரைக்கப் போகிற ஒன்றைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விருது நாள் ஜூன் மாதம் என்பதால் ஆய்வு பெரும்பாலும் கோடையில் வந்துவிடும். அதுவும் நல்லதுதான். சித்திரை வெயிலில் நிற்கிற கன்று நிஜமாகவே பிழைத்த கன்று. வற்றிக் கிடக்கும் ஏரியில்தான் தரை தெரியும்.

*மரம் நட்ட இடம்.* விண்ணப்பதாரர் உங்களைச் சாலையோர வரிசைக்கு அழைத்துப் போவார். அது எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். நீங்கள் உள்ளே நடந்து கடைசி வரிசைக்குப் போங்கள். 1,000 கன்று என்றால் 50 கன்றைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்குங்கள், அல்லது இருபதுக்கு ஒன்று என்று நடந்து எண்ணுங்கள். உயிரோடு இருப்பது, செத்தது, காலிக் குழி என்று மூன்று பத்தியில் குறியுங்கள்.

குனிந்து தண்டின் அடியைப் பாருங்கள். மூன்று வருடக் கன்று என்று சொல்லும் இடத்தில் தண்டு விரல் பருமன்கூட இல்லாமல், அடியில் நாற்றுப்பையின் செம்மண் உருண்டையாகத் துருத்திக்கொண்டு, சுற்றியுள்ள மண் இளகிக் கிடந்தால், அது போன வாரம் வைத்தது. செத்த இடத்தில் மாற்றுக் கன்று வைப்பது நல்ல பழக்கம்தான். அதைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. சில கன்றுகளை நாற்றுப்பையைக் கிழிக்காமல் அப்படியே புதைத்திருப்பார்கள். கழுத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்பு எட்டிப் பார்க்கும். அந்தக் கன்றின் வேர் பைக்குள்ளேயே சுருண்டுவிடும். நட்டவருக்கு அக்கறை இருந்ததா என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. கூண்டில் நன்கொடையாளர் பெயர் பெரிதாக இருந்து உள்ளே ஒன்றுமில்லாத இடங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பிழைத்த சதவீதத்தை அப்படியே ஒப்பிடாதீர்கள். சொட்டுநீர் போட்டு, காவலாள் வைத்து, மேற்கு மாவட்டச் செம்மண்ணில் 90 சதவீதம் பிழைத்ததைவிட, உப்புத் தண்ணீரோடும் ஆடுகளோடும் போராடி ராமநாதபுரத்தில் 60 சதவீதம் பிழைத்தது பெரிது என்பேன்.

என்ன மரம், எந்த நிலம் என்பதும் அதே அளவு முக்கியம். வேம்பு, புங்கன், நாவல், மருதம், இலுப்பை என்று நம் மண்ணின் மரங்களா, அல்லது சீக்கிரம் பச்சை காட்டுகிற கோனோகார்பஸ் போன்ற அயல் செடிகளா? நீலகிரியின் புல்வெளியில் சீகையும் தைலமும் நட்டதன் விளைவை இன்னும் அனுபவிக்கிறோம். மரம் இல்லாத நிலமெல்லாம் வெறும் நிலம் என்று நினைத்து, வெளிமான் மேய்கிற புல்வெளியிலும் கடற்கரை மணல் மேட்டிலும் கன்று நட்டு விருது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சேதம். எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

*ஏரி, குளம், ஊருணி.* கரையில் போட்ட நடைபாதையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் வரத்துக்கால். தண்ணீர் வருகிற வாய்க்கால் எத்தனை தூரம் சுத்தமாக இருக்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பாருங்கள். வரத்தைச் சரிசெய்யாமல் குளத்தை மட்டும் ஆழப்படுத்தினால் அடுத்த மழையிலும் அது காலியாகத்தான் கிடக்கும். அடுத்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை, அதற்கடுத்து உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு. கலுங்கின் மேல் மணல் மூட்டையோ புதுச் சிமெண்ட் வரிசையோ ஏற்றியிருந்தால் கரைக்கு ஆபத்து. மேல்பக்க வயலும் மூழ்கும்.

தரையைப் பாருங்கள். மடை மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் உதவும் என்றால் சரி, ஆனால் பாசனப் பரப்பு கூடியது என்று எழுதக் கூடாது. அடிக் களிமண் படலத்தையும் சேர்த்து அள்ளிவிட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். சுற்றிலும் செங்குத்தாகச் சுவர் எழுப்பியிருந்தால், ஓரத்து ஆழமில்லாத் தண்ணீரில் நின்று மேய்கிற உள்ளானுக்கும் நாரைக்கும் இடமில்லை. பார்க்க அழகான ஏரியும் வேலை செய்கிற ஏரியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவர் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தை அகற்றினோம் என்றால், வேரோடு எடுத்தார்களா, வெட்டிவிட்டுப் போனார்களா என்று தூரைப் பாருங்கள். வெட்டிய தூரிலிருந்து நாலைந்து தளிர் கிளம்பியிருந்தால் வேலை பாதியில் நிற்கிறது. அகற்றிய இடத்தில் அப்புறம் என்ன வைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

*மஞ்சப்பையும் குப்பையும்.* தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஆகவே பிளாஸ்டிக் கவரை நிறுத்தினோம் என்பது மட்டும் போதாது. அதற்குப் பதிலாக எது வந்தது என்று பார்க்க வேண்டும்.

துணிப்பை என்று கொடுப்பதைக் கையில் வாங்கித் தடவிப் பாருங்கள். நெசவு இழை குறுக்கும் நெடுக்குமாகத் தெரியாமல், புள்ளி புள்ளியாக அழுத்திய மாதிரி இருந்தால் அது நெய்யாத பை. துணி போலத் தோன்றும் பிளாஸ்டிக், தடைப் பட்டியலில் இருப்பது. சந்தேகம் என்றால் ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். மற்றது உருகிச் சின்ன மணியாகத் திரளும். தேநீர் கொடுக்கும் காகிதக் கோப்பையை ஊறவைத்து உள்பக்கத்தைக் கிழித்தால் மெல்லிய படலம் உரிந்து வரும். அதுவும் தடையில் உள்ள பொருள்தான்.

உணவகம் என்றால் வாடிக்கையாளராகப் போய்ச் சாம்பார் பார்சல் கேளுங்கள். பாத்திரம் கொண்டுவந்தால் விலை குறைக்கிறார்களா, வாழையிலையிலும் பாக்குமட்டையிலும் கட்டித் தருகிறார்களா, அல்லது அடுப்படியில் ஒரு கட்டு கவர் ஒளிந்திருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். பள்ளி, கல்லூரி என்றால் மதிய இடைவேளை முடிந்ததும் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். அப்புறம் மதில் சுவரின் பின்பக்கம் போங்கள். கறுத்த தரையும் பாதி உருகிய பாக்கெட்டும் கிடந்தால், குப்பை எங்கே போகிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

*கடற்கரை.* அலையாத்திக் கன்று நட்டிருந்தால் அந்த இடத்தில் ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே கொண்டுபோன பிறகே சிதைந்த பகுதிகளில் கன்று பிடித்தது. தண்ணீர் ஓட்டம் இல்லாத உப்பளத்தில் நட்ட கன்று நிற்காது. பங்குனி ஆமை பாதுகாப்பு என்றால் கூடு, முட்டை, பொரித்த குஞ்சு, கரை ஒதுங்கிச் செத்த ஆமை என்று ஆண்டு வாரியாகப் பதிவு கேளுங்கள். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவு நேரங்களில் நடந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். செத்த ஆமையையும் எண்ணி எழுதுகிற பழக்கம்தான் அப்படிப்பட்ட வேலையின் முதுகெலும்பு. குஞ்சுகளைக் கையில் பிடித்துப் படம் எடுக்க ஆள் கூட்டுகிற நிகழ்ச்சி மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

படி 6: யாரிடம் பேசுவது

விண்ணப்பதாரர் சுட்டுகிற ஆளிடம் மரியாதைக்குப் பேசுங்கள். அப்புறம் தனியாக நடந்துபோய் வாட்ச்மேன் அண்ணன், எதிரே டீக்கடைக்காரர், ஏரியில் ஆடு மேய்க்கிற பெரியவர், மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி, கழிவறை கழுவுகிற அக்கா ஆகியோரிடம் பேசுங்கள். 'இது நல்ல திட்டமா?' என்று கேட்காதீர்கள். நல்லது என்றுதான் சொல்வார்கள். "ஞாயிற்றுக்கிழமை யாருங்க தண்ணி ஊத்துறது?", "மோட்டார் ரிப்பேர் ஆனா யாரைக் கூப்பிடுவீங்க?", "சார் ஊருக்குப் போயிட்டா யார் பாத்துக்குவாங்க?" என்று கேளுங்கள். ஒரு பெயர் உடனே வந்தால் திட்டம் வேரூன்றியிருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் ஒரே பெயர் வந்தால், அந்த ஒருவர் மாற்றலாகிப் போனதும் அது நின்றுவிடும்.

பள்ளியில் பசுமைப் படைத் தலைவனைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வான். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்.

யாருக்கு இடைஞ்சல் வந்தது என்றும் விசாரியுங்கள். குளத்தைச் சுற்றி வேலி போட்டதால் மாடு தண்ணீர் குடிக்க வழியில்லையா? கரையில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? குறுங்காடு போட்ட இடம் முன்பு பிள்ளைகள் விளையாடிய புறம்போக்கா? இந்தப் பதில்கள் விண்ணப்பத்தில் ஒருபோதும் இருக்காது.

படி 7: மதிப்பெண்

விதிமுறையிலேயே மதிப்பெண் முறை கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் நான் சொல்வது இது: 100-க்கு, நிலத்தில் தெரியும் மாற்றத்துக்கு 30, பராமரிப்புக்கும் நிலைத்து நிற்பதற்கும் 30, அந்த மண்ணுக்கும் நீருக்கும் பொருத்தமானதா என்பதற்கு 20, ஊர் மக்களின் பங்குக்கு 15, மற்றவர்கள் பார்த்துச் செய்ய முடியுமா என்பதற்கு 5. புதுமை என்று தனியாக மதிப்பெண் வைக்க எனக்கு விருப்பமில்லை. வரத்துக்காலை ஆண்டுதோறும் வெட்டுவதில் புதுமை ஒன்றும் கிடையாது. அதனால்தான் அதை யாரும் செய்வதில்லை.

செலவழித்த பணத்தையும் பாருங்கள். 40 லட்சம் செலவிட்ட நிறுவனத்தையும், சம்பளத்தில் மிச்சம் பிடித்து 200 மரம் வளர்த்த ஆசிரியரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தனிநபர், சிறு குழு, நிறுவனம் என்று அடுக்கிவிட்டு அதற்குள் ஒப்பிடுங்கள்.

தொடங்கும்போது ஏதாவது மூன்று கோப்புகளை எடுத்து, எல்லா நடுவர்களும் அவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் 80 போட்ட இடத்தில் இன்னொருவர் 45 போட்டிருப்பார். ஏன் என்று பேசிச் சமன் செய்துகொண்டு மற்றவற்றுக்குப் போகலாம். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாராவது கேட்டால் அந்த வரிதான் பதில் சொல்லும்.

படி 8: வராத விண்ணப்பங்கள்

கோப்புக் கட்டில் இருப்பவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், அல்லது எழுதித்தர ஆள் வைத்திருப்பவர்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பக்கத்து வேட்டங்குடிச் சரணாலயத்தின் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரே பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகளுக்கு வெடி ஆசை இருக்காதா? இருந்தும் விட்டுக்கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட காவலுக்குத் திட்ட அறிக்கையும் கிடையாது, வண்ணக் கோப்பும் கிடையாது.

விதி இடம் கொடுத்தால் நடுவர்களே பரிந்துரைக்கும் வழியைக் கேளுங்கள். இல்லையென்றால் கடைசித் தேதிக்கு முன்பே வட்டார வேளாண் அலுவலர், வனக்காப்பாளர், கிராம நிர்வாக அலுவலர், மீனவர் சங்கத்தினர் ஆகியோரிடம் ஆட்களைக் காட்டச் சொல்லி, கல்லூரி மாணவர்களைக் கொண்டு விண்ணப்பம் எழுதித் தரச் செய்யுங்கள். வலையில் சிக்கிய ஆமையை வலையை அறுத்து விடுகிற மீனவர், குப்பையைப் பிரித்துப் பிரித்தே கை வெந்த தூய்மைக் காவலர், கோயில்காட்டில் ஒரு சுள்ளியும் ஒடிக்க விடாத பூசாரி என்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

கோப்பின் அழகுக்கு மயங்காதீர்கள். கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதிய நாலு பக்கத்தையும், அச்சடித்த 80 பக்கத்தையும் படிக்கும்போது, இரண்டிலிருந்தும் பராமரிப்பு பற்றிய வரிகளை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதி ஒப்பிடுங்கள்.

படி 9: கடைசிக் கூட்டம்

எல்லாரும் மதிப்பெண் தாளைக் கொடுத்தபிறகே பேச்சு தொடங்க வேண்டும். பதவியில் பெரியவர் கடைசியாகப் பேசினால் மற்றவர்கள் மனதில் இருப்பதைச் சொல்வார்கள்; இதைத் தலைமை வகிப்பவரிடம் முன்கூட்டியே பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மதிப்பெண்கள் வெகுதூரம் விலகி நிற்கும் கோப்புகளை மட்டும் எடுத்துப் பேசுங்கள். நேரில் பார்த்தவரின் சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

சிபாரிசுப் போன் வந்திருந்தால் யார் பெயரும் சொல்லாமல், 'இந்தக் கோப்புக்குப் போன் வந்தது' என்று கூட்டத்தில் சொல்லிப் பதிய வையுங்கள். சொல்லிவிட்டால் அதன் பலம் போய்விடும்.

ஒரு பிரிவில் தகுதியானது எதுவும் இல்லையென்றால் பரிந்துரை இல்லை என்று எழுதத் தயங்காதீர்கள்.

முடிவு வந்தபிறகு இரண்டு வேலை மிச்சம். தேர்வாகாதவர்களில் நிஜமாக உழைக்கிறவர்களுக்கு, என்ன குறைந்தது என்று இரண்டு வரி தெரிவிக்கக் குழுவிடம் கேளுங்கள்: "கிணற்று அளவை மாதாமாதம் எழுதி வையுங்கள்", "அயல் மரங்களுக்குப் பதிலாக மருதமும் நாவலும் வையுங்கள்". அப்புறம், பரிசு பெற்ற ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எண்ணிய 50 கன்றின் கணக்கு, கலுங்கின் படம், பேசியவர்கள் சொன்ன தகவல் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு அடுத்த ஆண்டுக் குழுவிடம் ஒப்படையுங்கள். அவர்கள் விண்ணப்பங்களைப் பார்க்கப் போகும் வழியில் போன ஆண்டுப் பரிசு வாங்கிய இடத்திலும் அரை மணி நேரம் இறங்கி, அதே வரிசையில் அதே கன்றுகளை எண்ணிவிட்டுப் போகட்டும்.